கறுப்பின் கூலி

"நீங்க போடுறது இந்தக் கறுப்பு மட்டும்தானாக்கா?"

கேட்ட பெண்ணுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். கொரட்டூரில் அப்பா காலத்து வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தார். மாடிப்படி திரும்பும் இடத்தில், தெருவைப் பார்த்தபடி, 2 அடி அகலமும் 4 அடி உயரமுமாக ஒரு ஜன்னல் விட்டிருந்தார்கள். அதில் வண்ணக் கண்ணாடி வைக்க ஆசைப்பட்டு, யார் யாரிடமோ விசாரித்து, மந்தைவெளியில் எங்கள் வீட்டு மொட்டை மாடி வரை ஏறி வந்துவிட்டார்.

மாடியில் ஒரு தகரக் கொட்டகை. அதுதான் என் பட்டறை. அன்று ஒரு பழைய மாதா கோயில் ஜன்னலில் உடைந்துபோன துண்டுக்கு மாற்றுத் துண்டு எழுதிக்கொண்டிருந்தேன். அடியில் விளக்கு எரியும் மேசை. அதன்மேல் உள்ளங்கை அளவு சிவப்புக் கண்ணாடி. பக்கத்துத் தட்டில் குழைத்து வைத்த மை, வாணலியில் தீய்ந்த மிளகுபோல ஒரு பழுப்புக் கறுப்பு. அவர் தட்டையும் கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்தார். கையால் எழுதிய வண்ண ஜன்னல் என்றால் கிண்ணம் கிண்ணமாகச் சிவப்பும் நீலமும் பச்சையும் இருக்கும் என்று நினைத்து வந்திருக்கிறார். அவர்மேல் தப்பில்லை. கடையில் விற்கிற கிளாஸ் பெயிண்ட் அப்படித்தான். டியூபால் கரை கட்டி, நடுவே நிறத்தை ஊற்றிக் காயவிட்டால் முடிந்தது. அது கண்ணாடியின்மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் வார்னிஷ். வெயில் பட்டும் துணி பட்டும் நாளடைவில் உரிந்துவிடும்.

நான் செய்வது வேறு. நிறம் என்னுடையதே இல்லை. அது கண்ணாடி உருகிக் குழம்பாக இருக்கும்போதே உள்ளே கலந்துவிடுகிறது. நீலத்துக்குக் கோபால்ட், சிவப்புக்குச் செம்பு, சில இளஞ்சிவப்புகளுக்குத் தங்கம். தாள் தாளாக நிறக் கண்ணாடியை வாங்கி வருகிறேன், வெட்டுகிறேன். அதன்மேல் நான் இடுவது இந்த மை ஒன்றுதான். இரும்பின் துரு, சீக்கிரம் உருகும் கண்ணாடியின் பொடி, கொஞ்சம் கோந்து, தண்ணீர். சூளையில் 650 டிகிரி வரை ஏற்றினால் கண்ணாடியின் மேல்தோல் இளகி மையை உள்ளே வாங்கிக்கொள்ளும். அதற்குப் பிறகு அது மையும் இல்லை, பூச்சும் இல்லை. கண்ணாடியோடு கண்ணாடி.

இதையெல்லாம் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டுவிட்டு, கொஞ்சமும் விகல்பம் இல்லாமல் இன்னொன்று கேட்டார்.

"கலரு கண்ணாடியோடவே வருது. வெளிச்சம் வெளியிலேருந்து வருது. அப்போ சதுர அடிக்கு ஆறாயிரம் எதுக்குக்கா?"

வழக்கமாகச் சொல்கிற பதிலைச் சொன்னேன். நகைக்கடையில் செய்கூலி, சேதாரம் என்று கேட்டுப் பழகியவர்கள் நாம்; இங்கேயும் அதேதான் என்றேன். எத்தனை மணி நேரம் உட்கார வேண்டும், எத்தனை துண்டு உடையும் என்று கணக்குச் சொன்னேன். அவர் ஒத்துக்கொண்டார். கைப்பையிலிருந்து ஒரு பழைய போட்டோவை எடுத்து நீட்டினார். இடித்த வீட்டின் உள்வாசலில் நின்று தெருவைப் பார்த்து எடுத்தது. வாசலில் ஒரு வேப்பமரம். ஒரு பெரிய கிளை இடப்பக்கமாகத் தாழ்ந்து சாய்ந்திருந்தது. மரத்தடியில் மங்கலாக ஓர் இஸ்திரி வண்டி. வீட்டுக்காகத்தான் அந்த மரத்தை வெட்டினார்களாம். "அப்பா வெச்ச மரம். வேற வழியில்லாமப் போச்சு. ஜன்னல்ல அது வேணும்" என்றார். முன்பணம் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார்.

என் பதில் அவருக்குப் போதுமானதாக இருந்தது. எனக்குப் போதவில்லை. செய்கூலி என்றால் எதைச் செய்த கூலி? நிறமும் என்னுடையதில்லை, வெளிச்சமும் என்னுடையதில்லை என்றால் நான் என்னதான் செய்கிறேன்? பத்து வருடமாகச் செய்கிற வேலையைப் பற்றி இன்னொருவர் வந்து கேட்ட பிறகுதான் யோசிக்கத் தொடங்கினேன். வேப்பிலைகளை எழுதிக்கொண்டிருந்த இரண்டு மாதமும் அந்தக் கேள்வி மேசையிலேயே இருந்தது.

ஒரு வேப்பிலை எழுதுவதைச் சொல்கிறேன். பச்சைக் கண்ணாடித் துண்டில் முதலில் மெல்லிய தூரிகையால் இலையின் விளிம்பை, அரம்போன்ற அந்தப் பற்களை, நடு நரம்பை இழுக்க வேண்டும். கை நடுங்கக் கூடாது என்பதற்காக மரப்பாலம்போல ஒரு பலகையைத் துண்டின்மேல் நிறுத்தி அதில் மணிக்கட்டைத் தாங்கிக்கொள்வோம். அடுத்தது பார்ப்பவர்களுக்குப் பதைப்பாக இருக்கும். கோட்டைச் சுட்டுப் பதித்த பிறகு, துண்டு முழுவதும், எழுதிய கோட்டின்மேலேயே, மையை நீர்த்த கறுப்பாகப் பூசி மூடிவிடுவோம். வளைக்கரடியின் முடியால் செய்த அகலமான பிரஷ்ஷால் ஈரம் காய்வதற்குள் குறுக்கும் நெடுக்குமாக நீவுவோம், கடைசியில் நுனியால் தட்டித் தட்டிப் புள்ளி விழ வைப்போம். சென்னையின் காற்றில் ஈரம் அதிகம்; ஐப்பசி மழையில் இந்தப் பூச்சு காய்வதற்கு நேரமாகும், பொறுமை வேண்டும். காய்ந்ததும் பச்சை முழுவதும் மங்கி, இலை இருளுக்குள் போயிருக்கும்.

வேலை அங்கேதான் தொடங்குகிறது. மூங்கில் குச்சி, இறகின் காம்பு, ஊசி, முடி குட்டையான பழைய பிரஷ். இவற்றால் அந்த இருட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டும். நரம்புக்குப் பக்கத்தில் ஒரு கீறல். இலையின் முதுகில் வெயில் விழும் இடத்தில் ஒரு தேய்ப்பு. எடுத்த இடத்தில் அடி விளக்கின் வெளிச்சம் பச்சையாகப் பீறிடும். எடுக்காத இடத்தில் இலை வளைந்து உள்ளே போகும். தட்டையான கண்ணாடி மூச்சு விடத் தொடங்குவது இந்த நேரத்தில்தான். நம் ஊரில் பனையோலையில் எழுத்தாணியால் கீறிவிட்டு, பிறகு மையைத் தடவி எழுத்தைத் தெரிய வைத்தார்கள். இங்கே மையைத் தடவிவிட்டுப் பிறகு கீறுகிறோம். இரண்டிலும் எழுத்தைக் கண்ணுக்குக் காட்டுவது கறுப்புதான்.

பழைய வேலை இது. 12-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தியோஃபிலஸ் என்ற பெயரில் ஒரு துறவி கைவினைகளைப் பற்றி லத்தீனில் எழுதிவைத்த நூலில் இந்த மைக்குப் பக்குவம் இருக்கிறது. எரித்த செம்பின் பொடி, பச்சைக் கண்ணாடிப் பொடி, நீலக் கண்ணாடிப் பொடி, மூன்றையும் சமமாக எடுத்து, கல்லில் அரைத்து, திராட்சை மதுவிலோ சிறுநீரிலோ குழைக்கச் சொல்கிறார். கண்ணாடியில் எழுத்துப் பொறிக்க வேண்டுமானால் அந்த இடத்தை மையால் மூடிவிட்டுத் தூரிகையின் பின்முனையால் கீறி எழுது என்றும் சொல்கிறார். எண்ணூறு, தொள்ளாயிரம் வருடங்களில் என் மேசை ஒன்றும் பெரிதாக மாறிவிடவில்லை. சூளைக்கு விறகு போய் மின்சாரம் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த வேலையை நான் கற்றது இங்கிலாந்தில். 2013-ல் என் கணவருக்கு லீட்ஸ் நகரில் இரண்டு வருட வேலை. அங்கே எழுபதைத் தாண்டிய ஓர் அம்மையார், கார் நிறுத்தும் கொட்டகையில் சூளை வைத்து வீட்டிலிருந்தபடியே சின்னச் சின்ன ஜன்னல்கள் செய்து விற்றுக்கொண்டிருந்தார். வாரம் மூன்று நாள் அவரிடம் போனேன். முதல் மாதம் முழுக்கக் கோடு இழுப்பதும் பூசியதைத் துடைப்பதும்தான். ஒருநாள் என்னை யார்க் பேராலயத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வா என்று அனுப்பினார். ரயிலில் அரை மணி நேரம்.

யார்க் பேராலயத்தின் கிழக்குச் சுவரில் இருக்கும் பெரிய ஜன்னல் 75 அடிக்கு மேல் உயரம், 30 அடிக்கு மேல் அகலம். உலகம் படைக்கப்பட்டதும் உலகம் முடியப்போவதும் அதில் இருக்கின்றன. அப்போது பெரிய அளவில் பழுதுபார்ப்பு நடந்துகொண்டிருந்தது; 2018-ல்தான் முடிந்தது. கழற்றிய பகுதிகளில் சிலவற்றைக் கண் மட்டத்தில் வைத்திருந்தார்கள். கீழே நின்று பார்க்கிற யாருக்கும் என்றைக்குமே தெரிய வாய்ப்பில்லாத ஒரு தலையின் சுருட்டை முடிக்கு முன்னால் நான் நின்றேன். கறுப்பைப் பூசி, காய்ந்த பிறகு குச்சியால் ஒவ்வோர் இழையாக எடுத்திருந்தார்கள். ஓர் இடத்தில் குச்சி சறுக்கியிருந்தது. அந்தச் சறுக்கலைப் பார்த்தபோது அறுநூறு வருடத்துக்கு முன் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்த ஒரு முதுகு என் பக்கத்தில் இருப்பதுபோல் தோன்றியது.

அதைச் செய்தவர் ஜான் தார்ன்டன், கவன்ட்ரி ஊர்க்காரர். 1405-ல் ஒப்பந்தம் ஆனது. மூன்று வருடத்தில் முடிக்க வேண்டும். ஜன்னலின் உச்சியில் 1408 என்று பொறித்து முடித்தார். கூலி வாரத்துக்கு 4 ஷில்லிங், ஒவ்வொரு வருட முடிவிலும் 5 பவுண்டு, எல்லாம் முடிந்ததும் 10 பவுண்டு. மொத்தம் 56 பவுண்டு. பட்டறையில் ஆட்கள் பலர் இருந்திருப்பார்கள். ஆனாலும் உருவங்களை அவர் தம் கையாலேயே எழுத வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. அந்த வாசகத்தைப் பற்றி நான் நிறைய நினைத்ததுண்டு. நிறக் கண்ணாடியை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். ஈயத்தை யார் வேண்டுமானாலும் பற்றவைக்கலாம். எந்த வேலைக்கு "உன் கையாலேயே" என்று கேட்டிருக்கிறார்கள் என்று பார்த்தால், அது இந்தக் கறுப்பை இடுகிற வேலை.

சதுர அடிக் கணக்கு அங்கே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். வாரக் கூலி. ஒரு மனிதன் உட்கார்ந்த வாரங்கள்.

பிற்காலத்தில் இது தொழிற்சாலை வேலையானது. 19-ஆம் நூற்றாண்டின் பெரிய நிறுவனங்களில் ஒருவர் வரைவார், இன்னொருவர் வெட்டுவார், முகம் எழுத ஒருவர், உடுப்பு எழுத ஒருவர். வரைந்தவருக்குத் தன் ஜன்னல் என்னவாகி வருகிறது என்றே தெரியாது. கிறிஸ்டஃபர் வால் என்ற கலைஞர் அதில் மனம் புழுங்கி, டார்க்கிங் ஊர்ப்பக்கத்தில் வீட்டை ஒட்டிய மாட்டுக்கொட்டிலைப் பட்டறையாக்கி, வெட்டுவதிலிருந்து சுடுவதுவரை எல்லாவற்றையும் தாமே கற்றுக்கொண்டார். 1905-ல் அவர் எழுதிய புத்தகத்தை என் ஆசிரியை கைக்கு எட்டும் இடத்தில் வைத்திருப்பார். மாட்டுக்கொட்டில், கார்க்கொட்டகை, மொட்டை மாடித் தகரக் கொட்டகை. மூன்றும் ஒரே குடும்பம் என்று எனக்கு ஒரு நினைப்பு.

வீட்டில் பட்டறை வைத்திருப்பது சொல்லும்போது இனிமையாக இருக்கும். ஈயம் விஷம். மாடியில் போடும் செருப்பு மாடியோடு. அங்கே கட்டும் புடவைத் தலைப்பு சமையலறைக்குள் வராது. அங்கே ஒரு வாய் காப்பிகூடக் குடிக்க மாட்டேன். குழந்தைகளுக்கு அந்தக் கதவு கிடையாது. தூசியைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும். சூளையை ராத்திரியில்தான் ஏற்றுவேன். ஏழு மணிக்கு ஏற்றினால் உச்சச் சூட்டைத் தொட்டு, பத்து நிமிடம் நின்று, 520 பக்கத்தில் ஒரு மணி நேரம் தங்கி, பிறகு விடியும்வரை தானாக இறங்க வேண்டும். அவசரப்பட்டு மூடியைத் திறந்தால் கண்ணாடி விரிசல் விட்டுவிடும். நடுவில் கரண்ட் போனால் என்ன ஆகும் என்பதைத்தான் இனிமேல் சொல்லப்போகிறேன். அந்தப் பெண்ணின் கேள்விக்கான பதில் எனக்கு அங்கேதான் கிடைத்தது.

சென்னைக்குத் திரும்பி வேலை தொடங்கிய புதிது. ஒரு சிநேகிதி தன் வீட்டு ஜெபக் கூடத்துக்காக வேளாங்கண்ணி மாதா ஒன்று கேட்டார். ஒன்றரை அடிப் பலகம்தான். முகத்தை மட்டும் நாலு நாள் எழுதினேன். கடைசிச் சூட்டின்போது கரண்ட் போய்விட்டது. வந்ததும் மறுபடி ஏற்றினேன், மறுபடி போனது. காலையில் எடுத்துப் பார்த்தால் பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. சூளையிலிருந்து வந்த துண்டைக் குண்டூசியால் ஓரத்தில் கீறிப் பார்க்க வேண்டும். மை பொடியாக உதிர்ந்தால் வேகவில்லை என்று அர்த்தம். ஆசிரியை நூறு தடவை சொன்ன பாடம். கிறிஸ்துமஸுக்குள் கொடுக்க வேண்டும் என்ற அவசரத்தில் கீறாமலேயே ஈயத்தில் கட்டிக் கொடுத்துவிட்டேன்.

அடுத்த டிசம்பரில் சிநேகிதி ஒரு பையோடு வந்தார். பண்டிகைக்குச் சோப்புத் தண்ணீரில் துடைத்திருக்கிறார். முகம் துணியோடு வந்துவிட்டது. துணியையும் கொண்டுவந்திருந்தார். அவர் கண்கள் கலங்கியிருந்தன; மாதாவைத் தானே அழித்துவிட்டதுபோல் ஒரு குற்ற உணர்ச்சி அவருக்கு. தப்பு முழுக்க என்னுடையது என்று சொல்லி அவரைத் தேற்ற வெகு நேரமாயிற்று.

அந்தப் பலகத்தை ஜன்னலில் சாய்த்து வைத்துவிட்டு நாங்கள் இரண்டு பேரும் பார்த்தோம். நீல முக்காடு இருந்தது. பொன் கிரீடம் இருந்தது. நடுவில், முகம் இருந்த இடத்தில், சந்தன நிறக் கண்ணாடி வழியாக வெளிச்சம் கொட்டிக்கொண்டிருந்தது. முன்னைவிட அதிகமாக, எந்தத் தடையும் இல்லாமல். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. கண் கூசியது. துணியைப் பிரித்துப் பார்த்தேன். ஒரு சிட்டிகை இருக்குமா? பழுப்பாக ஒரு கறை. அம்மாவின் கண்ணும் மூக்கும் உதட்டோரச் சிரிப்பும் அவ்வளவுதான்.

இது எனக்கு மட்டும் நேர்ந்ததில்லை. 1860-களிலும் 70-களிலும் இங்கிலாந்தின் பேர்பெற்ற பட்டறைகளே, சீக்கிரம் உருகட்டும் என்று மையில் வெண்காரம் சேர்த்தன. ஈரம் பட்டுப் பட்டு அது கரைந்துவிட்டது. முகம் இல்லாத புனிதர்கள் நிற்கும் ஜன்னல்கள் இன்றும் அங்கே உண்டு. உடுப்பின் சிவப்பும் நீலமும் அப்படியே இருக்கும். நிறத்துக்கு ஒரு குறையும் வராது. ஆள் மட்டும் போயிருப்பார்.

மாதாவைக் காசு வாங்காமல் புதிதாக எழுதிக் கொடுத்தேன். நான்கு தடவை சுட்டு, நான்கு தடவையும் குண்டூசியால் கீறிப் பார்த்து. பழைய சந்தனத் துண்டை மேசையின் இழுப்பறையில் வைத்துக்கொண்டேன். வேப்பமரம் எழுதிக்கொண்டிருந்த ஒரு மாலையில் வேறு எதையோ தேடி இழுப்பறையைத் திறந்தபோது அது கையில் பட்டது. அடி விளக்கின்மேல் வைத்தேன். பக்கத்தில் பாதி எடுத்த வேப்பிலை. முழு வெளிச்சத்தில் ஒன்றுமில்லாமல் கிடந்தது ஒன்று. முக்கால்வாசி மறைந்துபோய் உயிரோடு இருந்தது இன்னொன்று.

வெளிச்சம் மட்டும் இருந்தால் நமக்கு எதுவும் தெரிவதில்லை. அது எங்கே நிறுத்தப்படுகிறதோ அங்கேதான் மூக்கு தொடங்குகிறது, இலை முடிகிறது. நான் செய்கிற வேலை மறிப்பது. வருவதில் எவ்வளவை, எந்த இடத்தில், எவ்வளவு மென்மையாக மறிப்பது என்பது மட்டுமே என் கையில் இருக்கிறது. மற்றது வருகிறது. ஏரிக்கரை போட்டவர் மழையைச் செய்யவில்லை. மண்ணைக் கொட்டி, மிதித்து, எங்கே தண்ணீர் நிற்க வேண்டும், எங்கே மதகு வழியாகப் போக வேண்டும் என்று தீர்மானித்தார். ஆனாலும் ஊர் அதை இன்னார் வெட்டிய ஏரி என்று நூற்றாண்டுகள் தாண்டியும் சொல்கிறது. சொல்வது சரிதான். கரை இல்லாத இடத்திலும் அதே மழைதான் பெய்தது.

இதை உணர்ந்த பிறகு எனக்கு இரண்டு பாரம் இறங்கியது. ஒன்று, விலை சொல்லும்போது இருந்த கூச்சம். வாங்குகிறவர்கள் முகத்தைப் பார்த்துக் குறைத்துக் குறைத்துச் சொல்லி, செலவுக்கே கட்டாமல் கொடுத்த நாட்கள் உண்டு. இப்போது சொல்லிவிடுகிறேன். இது மறிப்பதற்கான கூலி. கற்க வருடங்கள் ஆனது. இதைத் தவறாகச் செய்தால் முகம் துணியோடு வந்துவிடும். இன்னொன்று அதைவிடப் பெரியது. ஜன்னலைக் கண்டவர்கள் "என்ன அழகு!" என்று நிற்கும்போது அந்த வார்த்தையை முழுவதும் எனக்கென்று வாங்கி வைத்துக்கொள்ள வேண்டியதில்லை என்று புரிந்தது. அவர்கள் பார்ப்பதில் பெரும்பகுதி நான் கொடுத்ததில்லை. விற்கவும் முடியாதது. என் பங்கைச் சரியாகச் செய்தேனா என்பது மட்டும் எனக்கான கேள்வி.

சாந்தோம் பேராலயம் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். இப்போது நிற்கும் கட்டடம் 1896-ல் எழுந்தது. அங்கே ஜெர்மனியில் செய்து கொண்டுவந்த ஜன்னல் ஒன்று உண்டு. உயிர்த்தெழுந்தவரைத் தோமையார் சந்திக்கிறார். மேகம் மூடிய நாளாகப் பார்த்துப் போவேன். சுள்ளென்று வெயில் அடிக்கும் நேரத்தில் நிறங்கள் ஒன்றின்மேல் ஒன்று வழிந்து, மெல்லிய கோடுகளை விழுங்கிவிடும். வானம் மங்கினால்தான் எழுதியவரின் கை தெரியும். வேப்பமரம் எழுதிய மாதங்களில் இரண்டு தடவை போய் உட்கார்ந்து வந்தேன்.

மரத்துக்கு வருகிறேன். 160 துண்டுகள். ஈயப் பட்டிகளையே கிளைகளாக ஓட விட்டேன். ஈயம் எப்படியும் கறுப்புத்தான், அது மரமாகவே இருந்துவிட்டுப் போகட்டும். அந்தத் தாழ்ந்த பெரிய கிளைக்கு மட்டும் அகலமான பட்டி. இலைகளுக்கு ஐந்து விதப் பச்சை, கொழுந்துகளுக்குச் செம்பழுப்பு. வேப்பம்பழத்தின் மஞ்சளுக்கு வெள்ளி. இந்த வேலையில் எனக்கு இன்றும் ஆச்சரியம் தீராத இடம் அது. வெள்ளி உப்பைக் களிமண்ணில் குழைத்து நிறமில்லாத கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் அப்பி, குறைந்த சூட்டில் சுட்டு, ஆறியதும் மண்ணைத் தட்டிவிட்டால் அடியில் மஞ்சள் நின்றிருக்கும். வெள்ளி கண்ணாடிக்குள் இறங்கி அங்கேயே தங்கிவிடுகிறது. ஐரோப்பாவில் 1300-ஐ ஒட்டிய வருடங்களில் ஜன்னல் செய்கிறவர்களுக்கு இது கைவந்தது. வெள்ளியை வைத்துப் பொன்னை எடுக்கிற வேலை. பழம் ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகம் அளவு. பதினாலு பழம்.

ஈயத்தில் கட்டி, சந்துகளைப் பற்றவைத்து, சுண்ணாம்புத் தூளும் ஆளிவிதை எண்ணெயும் சேர்ந்த மக்கை இடுக்குகளில் திணித்து, இரண்டு வாரம் இறுகவிட்டு, ஒரு சனிக்கிழமை கொரட்டூருக்கு எடுத்துப் போனோம். ஆசாரி சட்டத்தில் பொருத்தி முடிக்கும்போது மதியம் மூன்று மணி. அந்தப் பெண் படியில் உட்கார்ந்து பழங்களை எண்ணினார். பதினாலு சரியாக இருந்தது. அப்பாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. காப்பி, முறுக்கு என்று பேச்சு நீண்டு இருட்டிவிட்டது.

நான் கிளம்பும்போது அவர் படித் திருப்பத்தில் நின்று பதறினார். "என்னக்கா, மரமே காணோம்!" உள்ளேயிருந்து பார்த்தால் ஜன்னல் வெறும் இருட்டுச் செவ்வகம். ஈயக் கோடுகள்கூட மங்கிவிட்டன. வெளியே வெளிச்சம் இல்லாதபோது அப்படித்தான் என்று சொல்லி, படி விளக்கைப் போட்டுவிட்டு அவரைத் தெருவுக்கு அழைத்துப் போனேன்.

மரம் தெருவில் இருந்தது. படியின் விளக்கு பின்னால் நிற்க, பச்சை பச்சையாக, பழங்கள் ஒவ்வொன்றும் எரிந்துகொண்டு. அவர் கையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். எதிர்ச் சுவரோரம் தார்ப்பாய் கட்டிய வண்டியில் ஒருவர் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். போட்டோவில் மரத்தடியில் மங்கலாக நின்ற அதே வண்டி.

பெட்டியைக் கல்லின்மேல் நிறுத்தி வைத்துவிட்டு அவரும் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, "கிளையைக் கரெக்டா இந்தப் பக்கம் சாய்ச்சிருக்கீங்கம்மா" என்றார். வலக்கையை நீட்டிக் காட்டினார். நான் போட்டோவை நினைத்துப் பார்த்தேன். அதில் இடப்பக்கம். உள்ளே படியில் நின்று பார்த்தாலும் இடப்பக்கம். தெருவில் நின்று பார்க்கிறவருக்கு அந்தக் கிளை எத்தனையோ வருடம் வலப்பக்கம்தான் தாழ்ந்திருக்கும். கண்ணாடிக்கு இரண்டு பக்கம் உண்டு என்பதை நான் இந்த மரத்துக்காக யோசித்திருக்கவே இல்லை.

"அதுலதான் என் பல்பு தொங்கும்" என்றார் அவர். பிறகு பெட்டியின் கரியை ஊதிக் கங்கை எழுப்பி, அடுத்த சட்டையை விரித்துத் தண்ணீர் தெளித்தார்.